ஐந்தாம் வகுப்போடு பசி முடிந்துவிடுகிறதா?

காலை மணி எட்டேகால். அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றின் வராந்தாவில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். தட்டில் ஆவி பறக்கும் பொங்கல், மேலே காய்கறி சாம்பார். நாலாம் வகுப்புத் தம்பி சாப்பிடுகிறான். அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்த அக்கா கொஞ்சம் தள்ளி நிற்கிறாள். போன வருடம் வரை அவளும் இந்த வரிசையில்தான் இருந்தாள். இப்போது ஆறாம் வகுப்பு. அவளுக்குத் தட்டு இல்லை.

ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஒரே வளாகத்தில் நடக்கும் பள்ளிகளில் இது அன்றாடக் காட்சி. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 1 முதல் 5-ம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு என்றே வகுக்கப்பட்டது.

திட்டத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அது எவ்வளவு நல்ல திட்டம் என்று தெரிந்ததால்தான் இந்தக் கேள்வியே வருகிறது.

ஒரு அணா டிபன்

பள்ளியில் சோறு போட்டால் பிள்ளைகள் வருவார்கள் என்பது நமக்கு நூறு வருடத்துக்கு முன்பே தெரிந்த கணக்கு. 1920-ல் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த தன் பள்ளியில் டிபன் கொடுக்கத் தீர்மானம் போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது நிபந்தனை. பிறகு மேலும் நான்கு பள்ளிகள் சேர்ந்தன. அந்த ஐந்து பள்ளிகளிலும் 1922-23-ல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை, 1924-25-ல் 1,671 ஆனது. இரண்டே வருடத்தில் இரு மடங்கு!

ஆனால், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவழிக்கக் கூடாது என்று ஆங்கிலேய அரசு சொல்லிவிட, 1925-ல் டிபன் நின்றது.

அதன்பின் 1956-ல் காமராஜர் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். 1982-ல் எம்.ஜி.ஆர் அதைச் சத்துணவாக விரிவாக்கினார். கருணாநிதி முட்டை சேர்த்தார். ஜெயலலிதா கலவை சாதங்களைக் கொண்டுவந்தார். ஆட்சி மாறினாலும் அடுப்பு அணையவில்லை.

காலையில் என்ன நடக்கிறது?

மதியச் சோறு இருக்கிறதே, காலையில் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். விடியற்காலையில் பூப்பறிக்கவும், செங்கல் சூளைக்கும், நூறு நாள் வேலைக்கும் கிளம்பும் அம்மாக்களின் வீட்டைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். அந்த வீட்டில் காலை உணவு என்பது பெரும்பாலும் ஒரு கிளாஸ் டீ, இருந்தால் பழைய சோறு. முதல் இரண்டு பாடவேளையும் பசியிலேயே போய்விடும்.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது 1,545 பள்ளிகள். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 25-ல் திருக்குவளையிலிருந்து அது மாநிலம் முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. 2024-ல் கிராமப்புற அரசு உதவிபெறும் பள்ளிகள், 2025-ல் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகள் சேர்ந்தன. முதல் கட்டப் பள்ளிகளைத் திட்டக் குழு ஆராய்ந்தபோது, பெரும்பாலானவற்றில் வருகை கூடியிருந்தது. மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள்தான் பல இடங்களில் சமைக்கிறார்கள்.

யார் சமைத்தால் என்ன?

அந்தப் பெண்களுக்கு எல்லா ஊரும் மரியாதை கொடுத்துவிடவில்லை. காமராஜர் அடுப்பு மூட்டிய எட்டயபுரத்துக்குப் பக்கத்திலேயே, உசிலம்பட்டி கிராமத்தில், 2023-ல் பட்டியல் சமூகப் பெண் சமைத்த உணவைச் சில பெற்றோர் தங்கள் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. எம்.பி கனிமொழி நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். கரூர் மாவட்டத்திலும் இதேபோல் ஒரு புகார் எழுந்து, மாவட்ட ஆட்சியரே தலையிட வேண்டியிருந்தது.

மதிய உணவுச் சமையல் வேலையில் பட்டியல் சமூகத்தினருக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-லேயே சொல்லியிருக்கிறது. ஒரே வரிசையில் உட்கார்ந்து, யார் சமைத்ததென்று கேட்காமல் சாப்பிடுவதும் பிள்ளைக்கு ஒரு பாடம்தான். அந்தப் பாடத்தை வீட்டில் நாம் அழித்துவிடக் கூடாது.

தூரம் கூடும்போது தட்டு போய்விடுகிறது

இப்போது அந்த ஆறாம் வகுப்பு அக்காவிடம் வருவோம். கல்வி உரிமைச் சட்ட விதிகளின்படி, தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆறிலிருந்து எட்டு வரை என்றால் மூன்று கிலோமீட்டர். அதாவது, ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளை இன்னும் சீக்கிரம் எழுந்து, இன்னும் அதிக தூரம் போக வேண்டும். காலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வீட்டில் அடுப்பு பற்றவைக்கும் முன்பே கிளம்ப வேண்டும். சரியாக அந்த வயதில் பள்ளித் தட்டும் இல்லாமல் போகிறது.

அதே வயதில்தான் பெண் பிள்ளைகள் பருவமடைகிறார்கள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை தருகிறோம். காலை வயிறு காலியாக இருந்தால் மாத்திரை மட்டும் எவ்வளவு செய்யும்?

செலவு ஆகும்தான். ஆனால் சமையற்கூடம் இருக்கிறது, பாத்திரம் இருக்கிறது, சமைக்கத் தெரிந்த கைகள் இருக்கின்றன. ஒரே வளாகத்தில் எட்டாம் வகுப்பு வரை இருக்கும் பள்ளிகளிலிருந்தாவது தொடங்கலாம்.

பெற்றோரும் ஒன்று செய்யலாம். அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அடுத்த கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். உணவின் தரத்தைப் பற்றிக் கேளுங்கள். ஆறாம் வகுப்புக்கும் காலை உணவு வேண்டும் என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஒரு அணா டிபனும் ஒரு தீர்மானத்தில்தான் தொடங்கியது.

நாளைக் காலையும் அந்தத் தம்பி சாப்பிடுவான். பக்கத்தில் அக்காவுக்கும் ஒரு தட்டு வைக்க நமக்கு மனசு வராதா என்ன?