ஸ்டேரிங் கனத்தால் முதலில் எதைப் பார்ப்பது?

ஜார்ஜ்டவுன் சந்தில் காரைத் திருப்பும்போது ஸ்டேரிங் திடீரெனக் கனத்தால் பதறாதீங்க. மின் பவர் ஸ்டேரிங்கில் மோட்டார் நின்றாலும் சக்கரத்தோடு உள்ள இரும்பு இணைப்பு அப்படியே இருக்கும். கூடுதல் பலம் போட்டால் திரும்பும்.

ஸ்டேரிங் தண்டிலுள்ள உணரி முறுக்குவிசையை அளக்கும். அதற்கேற்பக் கட்டுப்பாட்டுக் கருவி மோட்டாருக்கு மின்னோட்டம் அனுப்பும். மாணவர்களே, 12 வோல்ட், 50 ஆம்பியர் என்றால் திறன் 600 வாட். பேட்டரி தளர்ந்தால் உதவியும் குறையும்.

சோதிக்கும் வரிசை:

1. டயர் காற்று. குறைந்தாலும் கனக்கும், ஆனால் ஸ்டேரிங் எச்சரிக்கை விளக்கு எரியாது.
2. பேட்டரி. இன்ஜின் நின்றிருந்தால் சுமார் 12.6 வோல்ட், ஓடினால் பொதுவாக 13.5 முதல் 14.5.
3. பேட்டரி முனைகள், பியூஸ், எர்த் வயர்.
4. ஸ்கேனர் காட்டும் பிழைக் குறியீடு.

இவற்றைப் பார்க்காமல் மோட்டாரை மாத்தாதீங்க, காசுதான் வீண். விளக்கு எரிந்தால் பாலம் ஏறாமல் பட்டறைக்குப் போங்க.