ஈயத்தின் தடம் – 9: தட்டில் முளைக்கும் நரம்பு

பழைய பேட்டரியை உருக்கும் பட்டறைப் புகையிலும் எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலிலும் படகுகளில் சுரண்டி எடுக்கும் பழைய பெயின்ட்டிலும் ஈயம் இருக்கக்கூடும் என்று சென்ற வாரம் பார்த்தோம். அது குழந்தையின் மூளைக்குள் போய் என்னதான் செய்கிறது?

வளரும் மூளையைத் திறந்து பார்க்க வழியில்லை. அதனால் ஆய்வாளர்கள் ஆய்வகத் தட்டில் தொடர்ந்து பெருகவிட்டு வளர்க்கும் செல் லைன்களை நாடுகிறார்கள். 1976-ல் லாயிட் கிரீனும் ஆர்தர் டிஷ்லரும் எலியின் அட்ரினல் சுரப்பியில் வந்த கட்டியிலிருந்து பிசி12 என்ற செல்களைப் பிரித்தெடுத்தார்கள். ஓயாமல் பெருகும் இந்தச் செல்கள், நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதம் பட்டதும் பெருகுவதை நிறுத்தி, ஒரு வாரத்தில் மெல்லிய இழைகளை நீட்டி நரம்பு செல்போல ஆகிவிடும். புரதத்தை எடுத்துவிட்டால் இழைகள் மறைந்து மறுபடி பெருகத் தொடங்கும். அந்தப் புரதத்தைக் கண்டறிந்த ரீட்டா லெவி-மான்டால்சினிக்கும் ஸ்டான்லி கோஹனுக்கும் 1986-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்திய ஆய்வகங்களுக்கு இதுபோன்ற செல்களைப் பாதுகாத்துத் தருகிறது புனேயிலுள்ள தேசிய செல் அறிவியல் மையம்.

பிசி12 வளரும் தட்டில் ஈயத்தைச் சேர்த்தால் செல் சாகும் என்றுதான் நினைப்போம். அளவு கூடினால் அப்படித்தான். ஆனால் மிகக் குறைந்த அளவில் ஈயம், வளர்ச்சிக் காரணி இல்லாமலேயே இழைகளை நீட்டவைக்கிறது! எனக்கு இதுதான் அதிக அச்சம் தருகிறது. எப்போது நீள்வது, எப்போது நிற்பது என்று நரம்புக்குச் சொல்வதில் கால்சியத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஈயம் கால்சியத்தின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. புரோட்டீன் கைனேஸ் சி என்ற நொதியைத் தூண்ட, கால்சியத்தைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைந்த ஈயமே போதும் என்று 1988-ல் காட்டினார்கள். யாரும் அழைக்காத நேரத்தில் நரம்பு கிளைவிடுகிறது.

ஆனாலும் பிசி12 எலியின் கட்டிச் செல். அதற்குத் தாய் இல்லை. கருவிலிருக்கும் பிள்ளைக்கோ, தாயின் எலும்பில் வருஷக்கணக்காகச் சேர்ந்த ஈயம் கரைந்து நஞ்சுக்கொடி வழியே வருகிறது. அதை அறிய மனித ரத்தத்தைத்தான் அளக்க வேண்டும். சென்னையில் 3 முதல் 7 வயதுள்ள 756 பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்து 2009-ல் வெளியான முடிவில், ரத்தத்தில் ஈயத்தின் சராசரி அளவு டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம். பெட்ரோலில் ஈயம் 2000-ல் நின்ற பிறகு அளந்தது இது. ஈயம் கூடிய பிள்ளைகளுக்குக் கவனம் சிதறுவது அதிகம் என்று அவர்களுடைய ஆசிரியர்களின் மதிப்பீடு காட்டியது. 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே ஈயம் வரும் வழியைத் தேடி அடைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஈயம் கருவிலேயே பிள்ளையை எட்டிவிடுவதால், ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனைக்கு வரும் கர்ப்பிணிகளிடம் ஹீமோகுளோபினுக்காக ரத்தம் எடுக்கும்போதே ஈயத்துக்கும் கொஞ்சம் எடுத்து அளக்க வேண்டும். இரும்பும் கால்சியமும் குறைந்த உடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். அரசு இலவசமாகத் தரும் அந்த இரண்டு மாத்திரைகளையும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் இருக்கும் தாய்மார்கள் ஒருநாளும் விடாமல் சாப்பிட வேண்டும்.