வேலியில் விளையும் விறகு

விறகு என்றதும் அது பழங்காலத்துப் பொருள் எனக் கருதுவோர் நம்மிடையே பலர். எரிவாயு வந்தபின் விறகுக்கு வேலையில்லை என்பது அவர்தம் எண்ணம். ஆனால், 2022ஆம் ஆண்டில் எரிவாயுவும் எண்ணெயும் கிடையாமல் இலங்கை மக்கள் வரிசைகளிற் காத்துநின்றபோது, நகரத்து வீடுகளிலும் விறகடுப்பு மீண்டும் எரிந்தது. நாம் நாள்தோறும் பருகும் தேநீருக்கும் விறகே துணை நிற்கின்றது. எனவே, விறகை எவ்வாறு விளைவிப்பது, எவ்வாறு எரிப்பது என்பவை இன்றும் ஆராயத்தக்க வினாக்களாம்.

தேயிலைத் தொழிற்சாலையை நோக்குவோம். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ 4½ கிலோ பசுங்கொழுந்து வேண்டும். மிகுதியான நிறை பெரும்பாலும் நீரேயாகும். அந்நீரை வெப்பக்காற்றினாற் போக்குவதற்கு, ஒரு கிலோ தூளுக்கு 1½ முதல் 2 கிலோ வரை விறகு செலவாகின்றது. நாட்டின் ஆண்டு விளைவோ 25 கோடிக் கிலோ அளவினது. மறுநடுகைக்காக வெட்டப்படும் முதிய றப்பர் மரங்கள் இத்தேவையிற் பெரும் பங்கை நிறைவேற்றி வந்தன. அம்மரத்துக்குத் தளபாடத் தொழிலிலும் கிராக்கி ஏற்பட்டதனால் விறகு அரிதாகின்றது. அரிதாகும்போது கோடரி காட்டை நாடும். மலைநாட்டுக் காடு அழிந்தால் ஊற்றுகள் வற்றும், ஊற்று வற்றினால் தேயிலையும் வாடும், வயலும் வாடும்.

இதற்கு வழி யாது? முதலைத் தொடாது வட்டியை மட்டும் உண்ணும் குடும்பம் நலிவதில்லை. அதுபோல, ஆண்டுதோறும் வளரும் அளவை மட்டுமே வெட்டினால் விறகு என்றும் குறையாது. எரியும்போது வெளிப்படும் காபனீரொட்சைட்டைத் தளிர்க்கும் கிளைகள் மீண்டும் உள்வாங்கிக்கொள்ளும். நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் இவ்வியல்பு இல்லை.

இம்முறைக்கு ஏற்ற மரம் நம் வேலிகளிலேயே நிற்கின்றது. கிளிசரியா என்றும் சீமைக்கிளுவை என்றும் வழங்கும் இம்மரம் மெக்சிக்கோவையும் மத்திய அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்டது. கதியாலை நட்டாலே வேரூன்றும். வெட்ட வெட்டத் தழைக்கும். இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அரசாங்கம் இதனைத் தேயிலை, றப்பர், தென்னை ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக ஏற்றுக்கொண்டது. தடி அடுப்புக்கு ஆகும். குழை ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஆகும். வேரில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துத் தருவதால், குழை சிறந்த பசளையுமாகும். தென்னைகளின் இடையே நட்டால், ஒரே நிலத்தில் தேங்காயும் விறகும் பசளையும் கிடைக்கும்.

எனினும், விறகு என்பதனாலேயே எல்லாம் நன்று எனல் பொருந்தாது. நெல் விளையும் நிலத்தில் விறகை நட்டால் அடுப்பு எரியும், உலையில் அரிசி இராது. தடியை மட்டும் கொண்டுசென்று குழையையும் சாம்பலையும் நிலத்துக்குத் திருப்பாவிடின் மண் வளமிழக்கும். பச்சை விறகின் நிறையில் ஏறத்தாழப் பாதி நீர். அதனை எரிப்பவர் நீரைக் கொதிக்கவைக்கவே விறகின் வெப்பத்தில் ஒரு பகுதியைப் பலியிடுகின்றார். நன்குலர்ந்த 3 கிலோ விறகு ஏறத்தாழ ஒரு கிலோ உலை எண்ணெய்க்கு ஈடாகும். ஆகவே, நிறைக்கன்றி உலர்ச்சிக்கும் விலை கொடுக்கும் முறை வேண்டும். அப்பொழுதே சிறு விவசாயி விறகை வெட்டி, உலர்த்தி, பொறுமையுடன் விற்பான்.

புகையையும் மறத்தலாகாது. வீட்டினுள் எழும் அடுப்புப் புகையினால் 2020இல் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அப்புகையை மிகுதியும் சுவாசிப்போர் தாய்மாரும் மடியிலுள்ள குழந்தைகளுமே. 1986இல் இலங்கையில் அறிமுகமான ‘அனகி’ என்னும் இருவாய் மண்ணடுப்பு குறைந்த விறகில் இரு பாத்திரங்களைச் சூடாக்குகின்றது. உலர்ந்த விறகும், நல்ல அடுப்பும், புகைபோக்கியும் சேர்ந்தால் புகை பெரிதும் குறையும்.

வளர்முக நாடுகள் பலவற்றில் எண்ணெய் வாங்கும் பணம் கடல் கடந்து செல்கின்றது. வேலியில் விளையும் விறகுக்குக் கொடுக்கும் பணமோ கிராமத்திலேயே தங்கும். மதில் கட்டுமுன் வேலியின் பயனை ஒருமுறை எண்ணிப்பார்ப்போமாக. வெட்டும் கை நடவும் அறிந்திருந்தால், நம் பிள்ளைகளுக்குக் காடும் மிஞ்சும், அடுப்பும் எரியும்.