நாம் குடியிருக்கும் பால்வீதி

(பத்தாம் வகுப்பு மாணவியர்)

சென்ற ஆண்டு ஒரு நாள் அறிவியல் வகுப்பில் சிஸ்டர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். "பால்வீதியைக் கண்ணால் கண்டவர்கள் கையை உயர்த்துங்கள்." வகுப்பு முழுவதிலும் ஒரே ஒரு கைதான் உயர்ந்தது. மேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் உள்ள பாட்டி வீட்டுக்குப் போயிருந்தபோது, இரவில் மின்சாரம் நின்றுவிட, முற்றத்துக் கட்டிலில் படுத்தபடியே கண்டதாக அந்தத் தோழி சொன்னாள். மற்ற எங்களுக்கெல்லாம் அது பாடப்புத்தகத்தில் உள்ள படம் மட்டுமே. நாம் குடியிருக்கும் வீட்டையே நாம் பார்த்ததில்லையே என்று எங்களுக்கு வெட்கமாக இருந்தது. அன்று முதல் நூலகத்தில் படித்தும், பெரியவர்களைக் கேட்டும் அறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

பெயர் வந்த வழி

இருண்ட வானில் ஒரு கோடி முதல் மறு கோடி வரை யாரோ பாலைச் சிந்தியது போல வெண்மையாகத் தோன்றும் பட்டையே பால்வீதி. நம் முன்னோர் அதனை ஆகாய கங்கை என்றனர். கிரேக்கர் பால் வட்டம் என்றனர். ஸ்பெயின் நாட்டு மக்கள் புனித சந்தியாகப்பரின் வழி என்று அழைத்தனர். அப்புனிதரின் திருத்தலத்துக்கு நடந்து செல்லும் யாத்திரிகர்களுக்கு அது வழிகாட்டுவதாக நம்பினர். அது உண்மையில் என்னவென்று கண்டு சொன்னவர் இத்தாலிய அறிஞர் கலிலியோ. தம் சிறிய தொலைநோக்கியை அதன் பக்கம் திருப்பியபோது, அந்த வெண்மை மேகமும் அன்று, புகையும் அன்று. தனித்தனியே கண்ணுக்குப் புலப்படாத எண்ணற்ற விண்மீன்களின் கூட்டமே என்று அறிந்தார். 1610-ஆம் ஆண்டில் அதனை நூலாகவும் வெளியிட்டார்.

தொலைவை அளக்கும் கோல்

வான வெளியைக் கிலோமீட்டர் கணக்கில் அளந்தால் எழுதத் தாள் போதாது. எனவே ஒளியைக் கோலாகக் கொள்கின்றனர். ஒளி ஒரு விநாடியில் ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும். சூரிய ஒளி நம்மை வந்தடைய எட்டு நிமிடத்துக்குச் சற்று அதிகமாகும். ஓர் ஆண்டில் ஒளி செல்லும் தொலைவு ஓர் ஒளியாண்டு. அது சுமார் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர்.

இதனை மனத்தில் பதிக்க ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். சூரியனை இரண்டு மில்லிமீட்டர் பருமனுள்ள ஒரு கடுகு என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கடுகை ஆனையூரில் வைத்தால் நம் பூமி அதிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சுற்றும் ஒரு துகள். நமக்கு மிக அருகிலுள்ள ஆல்ஃபா சென்டாரி விண்மீனோ, ஏறத்தாழ திண்டுக்கல்லில் இருக்கும்! அதன் தொலைவு 4 ஒளியாண்டுக்குச் சற்று மேல். இந்த ஆல்ஃபா சென்டாரி பற்றி நம் நாட்டுப் பக்கத்தில் நடந்த ஒரு செய்தியும் உண்டு. 1689-ஆம் ஆண்டு டிசம்பரில் புதுச்சேரியில் இருந்த ழான் ரிஷோ என்ற இயேசு சபைக் குரு, ஒரு வால்மீனைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒன்றாகத் தோன்றிய அந்த விண்மீன் உண்மையில் இரண்டு என்று கண்டறிந்தார். வைகாசி மாத இரவுகளில் மதுரையின் தென்வானில் தாழ்வாக அதனை நாமும் காணலாம்.

வீட்டின் அமைப்பு

நம் பால்வீதி தட்டையான வட்ட வடிவம் கொண்டது. இரண்டு ஆப்பங்களை முதுகோடு முதுகாகச் சேர்த்தால் நடுவில் உப்பியும் ஓரத்தில் மெலிந்தும் இருக்கும் அல்லவா? ஏறக்குறைய அதே வடிவம்தான். குறுக்களவு சுமார் 1,00,000 ஒளியாண்டு; தட்டின் கனமோ சுமார் 1,000 ஒளியாண்டுதான். இதில் 10,000 கோடி முதல் 40,000 கோடி வரை விண்மீன்கள் இருக்கலாம் என்று மதிப்பிடுகின்றனர்.

மதுரைப் பெண்களாகிய நமக்கு இதன் அமைப்பைப் புரிந்துகொள்வது எளிது. நம் நகரின் நடுவே கோயில். அதைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று வரிசையாக வீதிகள். பால்வீதியிலும் நடுவே விண்மீன்கள் நெருங்கிய உப்பிய பகுதி. அதன் குறுக்கே நீண்ட சட்டம் போன்ற ஓர் அமைப்பு. அதிலிருந்து சுருள் சுருளாக விரியும் கரங்கள். நம் சூரியன் நடுவிலும் இல்லை, ஓரத்திலும் இல்லை. நடுவிலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு தள்ளி, ஓரயன் கரம் என்னும் சிறு கிளையில் இருக்கிறது. நாம் நகரின் நடுவே இல்லாமல் ஆனையூரில் இருப்பது போல.

ஆனால் வீதிகள் அசையாதவை, பால்வீதியோ சுழல்வது. சூரியன் விநாடிக்கு 220 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடினாலும் ஒரு சுற்றை முடிக்க ஏறத்தாழ 23 கோடி ஆண்டு ஆகிறது. சென்ற முறை நாம் இதே இடத்துக்கு வந்தபோது பூமியில் மனிதர் இல்லை. டைனோசர்கள் அப்போதுதான் தோன்றியிருந்தன.

சுருள் கரங்கள் ஏன் கலைந்து போவதில்லை என்று கேட்கலாம். சிக்னல் அருகே ஏற்படும் வாகன நெரிசலை நினைத்துப் பாருங்கள். வண்டிகள் வந்து வந்து போய்க்கொண்டே இருக்கின்றன. நெரிசல் மட்டும் நிற்கிறது. அதுபோல விண்மீன்கள் கரத்துக்குள் நுழைந்து வெளியேறுகின்றன. கரம் நிலைக்கிறது என்று விஞ்ஞானிகள் விளக்குகின்றனர்.

உள்ளே இருப்பவை

நடுப்பகுதியில் பெரும்பாலும் முதிய விண்மீன்கள். அவை மஞ்சளும் சிவப்புமாக இருக்கும். கரங்களில் இளைய, நீல நிற விண்மீன்கள் மிகுதி. விண்மீன்களுக்கு இடையே உள்ள வெளியும் வெறுமை அன்று. அங்கே ஹைட்ரஜன் முதலிய வாயுக்களும், நுண்ணிய தூசும் பரவியிருக்கின்றன. அவை ஓரிடத்தில் திரண்டு இறுகும்போது புதிய விண்மீன்கள் பிறக்கின்றன. மார்கழி இரவில் திருவாதிரை விண்மீனுக்கு அருகே மூன்று விண்மீன்கள் வரிசையாக நிற்கும். அவற்றின் கீழே மங்கலாகத் தெரியும் புள்ளி, சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவிலுள்ள அத்தகைய பிறப்பிடம். நாம் நன்கறிந்த கார்த்திகைக் கூட்டம், ஒரே முகிலில் பிறந்த உடன்பிறப்புகள். விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனாலும் ஹீலியத்தாலும் ஆனவை என்று 1925-இல் நிறுவியவர் சிசிலியா பெய்ன் என்னும் பெண்மணி.

தட்டுக்கு மேலும் கீழும் பந்து போன்ற கொத்துகளாக 150-க்கும் மேற்பட்ட விண்மீன் திரள்கள் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றிலும் பல்லாயிரம், சிலவற்றில் பல லட்சம் முதிய விண்மீன்கள் உள்ளன.

உள்ளேயிருந்தே வரைந்த வரைபடம்

வீட்டுக்குள் பூட்டப்பட்டவர் வீட்டின் வெளித்தோற்றத்தை எப்படி அறிவார்? இதுவரை எந்த மனிதரும், எந்தக் கருவியும் பால்வீதிக்கு வெளியே சென்று அதைப் படம் எடுத்ததில்லை. நாம் காணும் முழு வடிவப் படங்கள் எல்லாம் கணித்து வரைந்தவையே. அந்தக் கணிப்பு ஒரு நாளில் வந்ததன்று.

1785-இல் வில்லியம் ஹெர்ஷல் வானின் ஒவ்வொரு பகுதியிலும் உள்ள விண்மீன்களை எண்ணி ஒரு வரைபடம் வெளியிட்டார். அண்ணன் தொலைநோக்கியில் பார்த்துச் சொல்ல, தங்கை கரோலின் கடுங்குளிரில் அமர்ந்து எழுதினார். அந்தத் தங்கை தாமாகவே எட்டு வால்மீன்களையும் கண்டுபிடித்தவர். அவர்கள் வரைபடத்தில் சூரியன் கிட்டத்தட்ட நடுவில் இருந்தது. அது தவறு. ஆனால் தவறுக்குக் காரணம் உண்டு. மார்கழிக் காலையில் மூடுபனியில் நிற்பவருக்கு நாற்புறமும் சம தூரமே தெரியும். அவர் தம்மையே நடுவில் இருப்பவராக எண்ணுவார். வான வெளியில் உள்ள தூசுதான் அந்த மூடுபனி.

வழியைத் திறந்தவர் அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வுக் கூடத்தில் பணிபுரிந்த ஹென்றியட்டா லெவிட். காது கேளாதவர். அக்காலத்தில் அங்கே பெண்களுக்குத் தொலைநோக்கியைத் தரவில்லை. குறைந்த கூலிக்குப் புகைப்படத் தகடுகளில் விண்மீன்களை அளக்கும் வேலையே தந்தனர். ஒளி கூடிக் குறையும் ஒருவகை விண்மீன்களை அவர் ஆண்டுக்கணக்கில் அளந்தார். மெதுவாகக் கூடிக் குறைபவை உண்மையில் அதிக ஒளியுள்ளவை என்ற விதியை 1912-இல் வெளியிட்டார். இதன் பயன் என்ன? தெருவில் தெரியும் பல்பு நூறு வாட் என்று தெரிந்துவிட்டால், அது எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதைக் கொண்டு எவ்வளவு தூரத்தில் உள்ளது என்று கணக்கிடலாம் அல்லவா? அதேதான்.

அந்த விதியைக் கொண்டு ஹார்லோ ஷாப்லி என்பவர் பந்து வடிவத் திரள்களின் தொலைவை அளந்தார். அவை வானில் ஒரே சீராக இல்லை. தனுசு ராசியின் பக்கம் குவிந்திருந்தன. இரவில் ஆனையூரில் நிற்பவர் தெற்கு வானில் வெளிச்சம் அடர்ந்திருப்பதைப் பார்த்தே நகர நடு அங்கே என்று சொல்லிவிடலாம். ஷாப்லியும் 1918-இல் அப்படியே பால்வீதியின் நடு தனுசின் பக்கம் என்று சொன்னார். அவர் கணித்த தொலைவு மிகுதியாக இருந்தது; தூசின் விளைவு தெரிந்த பின் அது திருத்தப்பட்டது.

கோபுரம் கட்டடங்களால் மறைந்தாலும் திருவிழா வேட்டுச் சத்தம் காதில் விழும். அதுபோலத் தூசு ஒளியை மறைத்தாலும் ரேடியோ அலைகளும் அகச்சிவப்புக் கதிர்களும் ஊடுருவி வரும். அத்தகைய ரேடியோ அலைகளைக் கேட்பதற்காக நம் ஊட்டியில் ஒரு மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத் தொலைநோக்கி 1970-இல் அமைந்தது. அகச்சிவப்புக் கதிர்களைக் கொண்டு நடுப்பகுதி விண்மீன்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்த ஆண்ட்ரியா கெஸ் என்ற பெண் விஞ்ஞானியும், ரைன்ஹார்ட் கென்செலும், அங்கே சூரியனைப் போல் ஏறத்தாழ 40 லட்சம் மடங்கு நிறையுள்ள கருந்துளை இருப்பதைக் காட்டி 2020-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். அதன் படம் 2022 மே 12 அன்று வெளியாயிற்று.

இன்னும் விடை தெரியாத ஒன்றும் உண்டு. நடுவிலிருந்து விலக விலக விண்மீன்களின் வேகம் குறைய வேண்டும். ஆனால் பிற விண்மீன் மண்டலங்களை 1970-களில் அளந்த வேரா ரூபின் அம்மையார் அது குறையவில்லை என்று காட்டினார். நம் பால்வீதியிலும் அவ்வாறே. அப்படியானால் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு பொருள் பெருமளவில் சூழ்ந்திருந்து இழுக்க வேண்டும். அதற்குக் கரும்பொருள் என்று பெயர் வைத்திருக்கின்றனர். அது எதனால் ஆனதென்று இன்றுவரை எவரும் அறியார்.

நம் ஊருக்குக் கிடைத்த பேறு

பால்வீதியின் நடுவைக் காண லண்டனில் இருப்பவர்கள் அடிவானத்தை ஒட்டித் தேட வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு அருகே உள்ள மதுரையிலோ அது தென்வானில் பாதி உயரத்துக்கும் மேலே வரும். நாள்காட்டியில் தினமும் பார்க்கும் மூலம், பூராடம் என்ற இரு நட்சத்திரங்களுக்கு இடைப்பட்ட பகுதியே அது. ஆடி மாதத்தில் இரவு பத்து மணி அளவில் தெற்கே நோக்க வேண்டும். அந்த வெண்மை நம் கண்ணை வந்தடையப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகியிருக்கும். நடுவிலிருந்து வரும் கதிர்களோ புறப்பட்டு 26,000 ஆண்டுகள் ஆயின. கீழடியில் கிடைத்த பழம்பொருள்களின் வயது சுமார் 2,600 ஆண்டு என்கின்றனர். இது அதைப்போல் பத்து மடங்கு பழமை!

ஆனால் ஆனையூரிலிருந்து தெற்கே நோக்கினால் நகரத்தின் வெளிச்சம் அல்லவா நிற்கிறது? நடு வானில் பால்வீதி வரும் இடமும், மதுரையின் விளக்கொளி எழும் இடமும் ஒன்றாகிவிட்டன.

எனவே இவ்வாண்டு ஆடி அமாவாசையை ஒட்டி, பெற்றோர் சிலர் துணையுடன் எங்களில் பன்னிரண்டு பேர் தோழியின் பாட்டி ஊருக்குச் சென்றோம். முதலில் மேகம் மறைத்தது. ஒன்பதரை மணிக்கு மேல் காற்றடித்து வானம் தெளிந்தது. கண் இருளுக்குப் பழகச் சற்று நேரம் பிடித்தது. பிறகு, தென்னை மரங்களுக்கு மேலே வெண்மையாக அது நின்றது. நடுவே கறுத்த பிளவுகள். அவையே நாங்கள் படித்த தூசு. பேச்சு நின்றுவிட்டது. ஆனையூரில் பிறந்து அவ்வூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பாட்டி எங்களைப் பார்த்துச் சிரித்தார். "இதப் பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தீக? எங்க காலத்துல ஆனையூர்லயே தெரியுமே தாயி!" என்றார்.

அந்தச் சொல் எங்களை உறுத்துகிறது. பால்வீதி எங்கும் போய்விடவில்லை. இன்றும் நம் கூரைக்கு மேலேதான் இருக்கிறது. வீதிக்கு விளக்கு வேண்டும். பெண்களாகிய எங்களுக்கு அது மிகவும் வேண்டும். ஆயினும் விளக்கு தரையைப் பார்த்து எரிந்தால் போதுமே. வானத்தைப் பார்த்து ஏன் எரிய வேண்டும்? பெற்றோரே, மொட்டை மாடியில் வீணாக எரியும் பல்பை அணைத்துவிடுங்கள். வெளி விளக்குக்கு மேல்மூடி போடுங்கள். தோழியரே, வரும் ஆடியில் உங்கள் பாட்டி ஊருக்குச் செல்லுங்கள், தெற்கே பாருங்கள். அடுத்த முறை சிஸ்டர் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது வகுப்பில் எல்லாக் கைகளும் உயர வேண்டும்.