பந்தயத் தளத்திற்கு ஏற்ற கார் எது?

பெங்களூரில் வேரூன்றிவிட்ட நம் குடும்பங்கள் சிலவற்றில் இப்பொழுது ஒரு புதிய பேச்சு எழுந்துள்ளது. படித்து முடித்த மகன் வேலைக்குச் செல்கிறான். கையில் ஓரளவு பணம் புழங்குகிறது. ஒரு நாள் மாலை, "அப்பா, பழைய கார் ஒன்று வாங்கலாமென்று இருக்கிறேன். ஊர் சுற்ற அல்ல, ரேஸ் டிராக்கில் ஓட்ட" என்று தொடங்குகிறான். தந்தையார் செய்தித்தாளைத் தாழ்த்துகிறார்; அன்னையார் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்க்கிறார். "இது உயிரோடு விளையாடும் வேலை" என்பார் ஒருவர். "அந்தப் பணத்தில் ஊரில் ஒரு மனை வாங்கிப் போடக்கூடாதா?" என்பார் மற்றவர். பேச்சு அங்கேயே முறிந்துவிடும்.

முறியவிடுவது நன்றன்று என்பது நம் கருத்து. வேகத்தின்மீது எழுந்த வேட்கை, வீட்டில் மறுத்ததனால் அவிந்துவிடுவதில்லை. நள்ளிரவில் விமான நிலையச் சாலையிலும் வெளிவட்டச் சாலையிலும் அது தலைகாட்டும். அங்கே விளக்கில்லாத லாரி நிற்கும். யாரோ ஒரு கூலியாள் சாலையைக் கடப்பார். பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவுப்படி குற்றமுமாகும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், முதன்முறைக்கே மூன்று மாதம்வரை சிறையோ 5,000 ரூபாய்வரை தண்டமோ விதிக்கலாம். பந்தயத் தளத்தில் எதிரே வண்டி வாராது. வளைவின் வெளிப்புறத்தில் தடம் புரண்டால் ஓடி அடங்க வெற்றிடம் உண்டு. கொடி காட்டுவோரும் மருத்துவ வண்டியும் காத்திருப்பர். 'டிராக் டே' எனப்படும் நாள்களில் போட்டியில்லை, பரிசில்லை. கட்டணம் செலுத்தித் தத்தம் வண்டியை ஓட்டிப் பழகுவதே அதன் பயன். ஆதலின் "கூடாது" என்பதை விடுத்து "எந்த வண்டி?" என்று கேட்கும் தந்தையே பிள்ளைக்கு உற்ற துணையாவார்.

பெங்களூரில் சிறுவண்டிகளாகிய கோ-கார்ட்டுகள் ஓடும் தளங்கள் உண்டு. கார்களுக்கென நிலையான பந்தயத் தளம் இல்லை. நம் மூத்தோருள் சிலர் சோழவரத்தை நினைவில் வைத்திருப்பர். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதையில், 1950களிலிருந்து சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்களை நடத்திய இடம் அது. 1990 அளவில் அந்தக் கிளப்பே ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள தளத்தை அமைத்தது. நமக்கு அது ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் வழியாக ஏறத்தாழ 300 கிலோமீட்டர். கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர் நீளமே உடையது. தொலைவு இன்னும் சற்று மிகுதி.

இத்தொலைவே வண்டியைத் தேர்வதில் முதல் நியதியை வகுத்துவிடுகிறது. லாரியில் ஏற்றிச் செல்ல வசதியுடையோர் வேறு. நம் பிள்ளை ஓட்டிச் செல்லவேண்டும். நாள் முழுதும் தளத்தில் ஓட்டவேண்டும். அதே வண்டியில் திரும்பவும் வேண்டும். திரும்பி வரமுடியாத வண்டி எத்துணை விரைவாக ஓடினும் நமக்கு ஏற்றதன்று.

இரண்டாவது நியதியைக் கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதனிடமிருந்து கற்கலாம். செட்டிபாளையத் தளம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1980களின் இறுதியில் அவர் பந்தயக் கார் ஒன்றை வடிவமைத்தபொழுது, அயல்நாட்டு எந்திரத்தைத் தேடிச் செல்லவில்லை. தெருவெங்கும் ஓடிய மாருதி 800இன் 796 சி.சி. எந்திரத்தையே எடுத்து, ஒற்றை இருக்கை வண்டியொன்றில் பொருத்தினார். அதுவே பார்முலா மாருதி. ஆற்றல் குறைவு, ஆனால் எடையும் குறைவு, விலையும் குறைவு, பழுதானால் உதிரிப்பாகம் அடுத்த கடையிலேயே கிடைத்தது. 2005இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியராகிய நாராயண் கார்த்திகேயனும் இளமையில் அவ்வகை வண்டியில் பழகியவரே. கரிவரதன் 1995இல் காலமானார். அவர் காட்டிய வழி இன்றும் செல்லும்: எளிதிற் கிடைப்பது எதுவோ, அதையே இலேசாக்கி ஓட்டுக.

இலேசு என்பதை ஏன் வற்புறுத்துகிறோம்? 900 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60க்குக் குறையும்பொழுது பிரேக்கில் பிறக்கும் வெப்பம், ஏறத்தாழ 2 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. 1,400 கிலோ எடையுள்ள வண்டியாயின் 3 லிட்டருக்கு மேல். இஃது ஒரேயொரு மிதிக்கு. ஒரு சுற்றிலேயே பலமுறை மிதிக்க நேரும். நகரச் சாலைக்கென அமைந்த பிரேக்குகள் இவ்வெப்பத்தைக் காற்றில் கழிக்கவியலாமல் திணறும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறிய பழைய ஆயில் விரைவில் கொதித்துக் குமிழியிடும். குமிழி அமுங்குமேயன்றிப் பிரேக்கைத் தள்ளாது. மிதி தரைவரை இறங்கிவிடும். அந்நொடியில் எந்திரத்தின் குதிரைத்திறன் எத்துணை என்பது எவருக்கும் நினைவில் இராது. இன்று நம் தெருக்களில் பெருகியுள்ள உயரமான எஸ்.யூ.வி. வண்டிகளை நாம் விலக்கச் சொல்வது இதனாலேயே. டீசல் வண்டியும் முன்பக்கம் கனத்தது. வளைவில் முன் டயர்களை அரைத்துத் தின்றுவிடும்.

அங்ஙனமாயின் எதை வாங்குவது? பல ஆண்டுகள் நம் நாட்டுப் பந்தயக்காரர்களின் ஏர்மாடாக உழைத்தது மாருதி எஸ்டீம். 1994 முதல் 2007வரை விற்பனையான அவ்வண்டியில் 1.3 லிட்டர் எந்திரம், எடையோ 900 கிலோ அளவே. நல்ல எஸ்டீம் இப்பொழுது அரிது. கண்ணில் பட்டால் விடவேண்டா. 1993இல் வந்த மாருதி ஜென் அதனினும் இலேசு. ஆற்றல் குறைவாயினும், ஓட்டக் கற்பதற்கு அதைவிட நல்லாசிரியர் இல்லை. ஹோண்டா சிட்டி விடெக்கின் எந்திரம் இனிமையானது. உதிரிப்பாகம் தேடி அலையும் பொறுமை உள்ளோர்க்கு மட்டும் அது. 2010 முதல் 2022வரை இங்கு விற்ற வோக்ஸ்வாகன் போலோவை இளைஞர் பெரிதும் விரும்புகின்றனர். உறுதியான உடல், சிறந்த பிடிப்பு, ஐயமில்லை. பழுதுபார்க்கும் செலவைக் கேட்டறிந்த பின் முடிவு செய்க. நம்மைக் கேட்டால், முதல் வண்டிக்கு 2005ஆம் ஆண்டில் அறிமுகமான ஸ்விஃப்டின் பெட்ரோல் வகையையே சொல்வோம். எஸ்டீம் வழிவந்த 1.3 லிட்டர் எந்திரம் அதன் தொடக்ககால வண்டிகளில் உண்டு. ஜே.சி. சாலையில் புதிய பாகமும் சிவாஜிநகர் குஜிலியில் பழைய பாகமும் கிடைக்கும். அதைக் கழற்றி மாட்டத் தெரியாத மெக்கானிக் இந்நகரில் இல்லை.

விற்பவர், "ஒரே ஓனர் சார், டாக்டர் ஓட்டிய வண்டி" என்பார். அந்த டாக்டர் எத்தனை ஆயிரம் வண்டிகளைத்தான் ஓட்டியிருப்பாரோ! பேச்சைக் கேட்டுக்கொண்டே வண்டியின் அடியில் குனிந்து பாருங்கள். பெயிண்ட் போனால் போகட்டும். சேஸிஸ் வளைந்து ஒட்டியதும், சஸ்பென்ஷன் பிணையும் இடத்துத் துருவும் கூடா. ஒதுக்கிய பணத்தில் பாதிக்குமேல் வண்டிக்குக் கொடாதீர். எஞ்சியது புதிய டயர், நல்ல பிரேக் பேட், புதிய பிரேக் ஆயில், ஷாக் அப்சார்பர், தலைக்கவசம் ஆகியவற்றிற்குத் தேவைப்படும். எந்திரத்தின் ஆற்றலைப் பெருக்கும் ஆசையை ஓராண்டு தள்ளிவைக்கலாம்.

நம் ஊருக்கே உரிய ஒரு நுட்பமும் உண்டு. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உயரத்தில் உள்ளது. இங்குக் காற்று ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இலேசு. இங்குக் கார்புரேட்டரைச் சரிசெய்த பழைய வண்டி இருங்காட்டுக்கோட்டைக்கு இறங்கினால், காற்று அடர்ந்து, அதற்கேற்ற பெட்ரோல் போதாமல் எந்திரம் சூடேறும், வெயிலும் சேர்ந்துகொள்ளும். பெட்ரோலைத் தானே அளந்து பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் வண்டியில் இத்தொல்லை இல்லை. எனினும் ரேடியேட்டரையும் விசிறியையும் புறப்படுமுன் பார்க்கவேண்டும்.

நிற்க. வழக்கமான இன்சூரன்ஸ் பாலிசி, பந்தயத்தையும் வேகச் சோதனையையும் விலக்கியே எழுதப்பெற்றது. தளத்தில் நேரும் சேதத்திற்கு ஒரு ரூபாயும் வாராது என்று எண்ணிக்கொள்வதே அறிவுடைமை. ஆதலின் வங்கிக் கடனில் வாங்கிய வண்டியும், வீட்டார் அனைவரும் நம்பியிருக்கும் வண்டியும் தளத்திற்கு ஆகா. முற்றும் நொறுங்கினும் அடுத்த மாத வாடகை தடைப்படாத விலையில் இருக்கவேண்டும் அவ்வண்டி. தந்தையார் வற்புறுத்தவேண்டிய நிபந்தனை இஃதொன்றே.

ஊரில் மாமா வீட்டு வாசலில் உறங்கும் தமிழ்நாட்டு எண்ணுடைய வண்டியை ஓட்டிவந்துவிடலாம் என்று சிலர் எண்ணுவர். வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்குமேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்யவேண்டும் என்பது சட்டம்; கருநாடகத்தின் சாலை வரி உயர்ந்தது என்பது நாமறிந்ததே. 15 ஆண்டு கடந்த வண்டிக்கு எஃப்.சி. பெற்றுப் பதிவைப் புதுப்பிக்கவேண்டும். 2022 ஏப்ரலில் அதன் கட்டணம் 5,000 ரூபாயாயிற்று. வண்டியின் அமைப்பை விருப்பம்போல் மாற்றவும் இயலாது. உற்பத்தியாளர் வகுத்ததற்கு மாறான மாற்றம் சட்டத்திற்குப் பொருந்தாதென உச்சநீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. சாலையிலும் ஓடும் வண்டியில் இரும்புக் கூண்டு பொருத்துவது சட்டச் சிக்கல் மட்டுமன்று; தலைக்கவசமின்றி அமர்வோரின் மண்டைக்கு அக்கூண்டே பகையாகும்.

தளத்தில் இறுதிச் சுற்றைப் பிரேக்கை மிதியாமல் மெதுவாக ஓட்டி வண்டியை ஆறவிடவேண்டும். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக்கை இழுக்கலாகாது. முதல் கியரில் போட்டுச் சக்கரத்திற்குக் கல் வைத்தால் போதும். அரைமணி கழித்து வீல் நட்டுகளை மீண்டும் முடுக்கி, டயரின் காற்றைச் சாலைக்குரிய அளவிற்குக் கொண்டுவந்து, ஆயிலின் அளவையும் பார்த்துவிட்டு வேலூர்ச் சாலையைப் பிடித்தால், இரவு உணவுக்கு வீடு சேரலாம்.