நெல்லுக்கும் உறக்கம் வேண்டும்

காவிரி டெல்டாவில் குறுவை அறுவடை முடிவதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்துவிடுவது புதிதல்ல. முற்றிய பயிர் சாய்ந்து சில நாள் தண்ணீரில் கிடந்தால், உமியின் அடிமுனையைப் பிளந்துகொண்டு வெள்ளை முளை வெளியே வரும். பிறகு வேர் இறங்கிக் கதிர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். 2021 ஜனவரியில் பருவம் தப்பிப் பெய்த மழையில் சம்பாவும் இப்படித்தான் பாழானது. கொள்முதல் விதிப்படி சேதமடைந்தவை, நிறம் மாறியவை, முளைத்தவை, வண்டு துளைத்தவை எல்லாம் சேர்ந்தே 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பழியை மழைமீது போட்டுவிடுகிறோம். ஆனால் அதே ஈரத்தில் கிடந்தும் முளைக்காமல் தாக்குப்பிடிக்கும் ரகங்கள் உண்டு. ஆகவே இது வானிலைச் சிக்கல் மட்டுமல்ல, ரகத் தேர்வின் சிக்கலும்கூட என்பதே என் வாதம்.

மணி முற்றும்போது அப்சிசிக் அமிலம் என்னும் ஹார்மோன் கருவை முளைக்கவிடாமல் உறங்க வைக்கிறது. அதன் பிடி தளர்ந்து ஜிப்ரெலின் கை ஓங்கினால், ஆல்ஃபா அமைலேஸ் நொதி சுரந்து மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கத் தொடங்கும். இந்த உறக்கத்தின் ஆழத்தை நிர்ணயிக்கும் முக்கியமான மரபணுக்களில் ஒன்றான எஸ்டிஆர்4-ஐ ஜப்பானிய ஆய்வாளர்கள் 2010-இல் அடையாளம் கண்டார்கள். கசலாத் என்ற இண்டிகா ரகத்தில் இருந்தது அதன் வலுவான வடிவம்; ஜப்பானின் நிப்பான்பாரேயில் இருந்தது வலுவற்றது. நம் வயல் ரகங்கள் சேர்ந்த இண்டிகா இனத்தில் இரண்டுமே காணப்படுகின்றன. அதனால் வலுவான வடிவத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. இன்னொன்று என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. அரிசிக்குச் சிவப்பு நிறம் தரும் ஆர்சி மரபணுவே களைநெல்லில் உறக்கத்தையும் கூட்டுகிறது என்று 2011-இல் தெரியவந்தது. வெள்ளை அரிசியை விரும்பித் தேர்ந்தெடுத்த தலைமுறைகள், தெரியாமலே உறக்கத்திலும் ஒரு பங்கைக் கைவிட்டிருக்க வேண்டும்.

உறக்கம் கூடினால் விதைத்த நெல் சீராக முளைக்காதே என்று உழவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நான் கேட்பது மாதக்கணக்கான உறக்கம் அல்ல. அறுவடைக் கால மழையைத் தாண்ட இரண்டு மூன்று வாரம் போதும். உலர்ந்த விதையைச் சேமித்து வைத்தாலே அது தானாகக் கலையும். அவசரமென்றால் 50 டிகிரி செல்சியஸ் உலர்வெப்பத்தில் ஐந்து நாள் வைத்துக் கலைக்கலாம். முற்றியதும் உடனே அறுத்து, இயந்திரத்தில் உலர்த்தினால் தீராதா என்றும் கேட்கலாம். தொடர்மழையில் சேறான வயலுக்குள் அறுவடை இயந்திரம் இறங்குவதே பெரும்பாடு. கதிர் முளைப்பதோ அந்த நாட்களில்தான்.

ஒரே மரபணுவைச் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் சொல்லவில்லை. உறக்கம் பல மரபணுக்களின் கூட்டு வேலை. மணி பிடிக்கும் காலத்து வெப்பமும் அதைப் பாதிக்கும். அதனால்தான் ரகங்களை அந்தந்த வட்டாரத்தில், அந்தந்தப் பட்டத்தில் சோதிக்க வேண்டும் என்கிறேன். முற்றிய கதிரை அறுத்து ஈரத்துணியில் சுற்றி வைத்து, ஒரு வாரத்தில் எத்தனை மணி முளைக்கிறது என்று எண்ணப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. விதைப்பையில் ரகத்தின் உறக்க நாட்களையும் அச்சிட்டால், எந்தப் பட்டத்துக்கு எதை வாங்குவதென்று உழவரே முடிவுசெய்துகொள்வார்.