விடிய விடிய

காஞ்சிபுரம், செய்யாறு பக்கத்தில் கூத்து இரவு பத்து மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும். முகவீணையும் மிருதங்கமும் ஹார்மோனியமும் முழங்க, துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்றே பாடித் தன் பெருமையைச் சொல்லிவிட்டு வெளியே வருவதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழலாம். கோமாளியான கட்டியங்காரன் ஊர் வம்பையெல்லாம் இழுப்பான். கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் என்று மரக்கட்டைகளைக் கட்டிக்கொண்ட கட்டை வேஷக்காரர் விடியும்வரை ஆடியாக வேண்டும். வயல் வேலை தணிந்த மாதங்களில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரத விழா வைத்தால், பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. ஊரே பாயோடு வந்து உட்காரும்.

பிறகு இந்தப் பக்கம் தொழிற்சாலைகள் வந்தன. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோ கார் வெளிவந்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா. 2014-ல் அது மூடப்பட்டும்விட்டது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், அதன் பின் டைம்லர் லாரி, ராயல் என்ஃபீல்ட். இன்று கூத்து தொடங்கும் நேரத்தில் கம்பெனி பஸ் வந்து நிற்கிறது.

கூத்தை டிவி கொன்றுவிட்டது என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு உடன்பாடில்லை. டிவி பார்ப்பவனை அம்மன் திருவிழாவுக்கு எழுப்பிக் கூட்டிவந்துவிடலாம். காலை ஷிஃப்டுக்கு விடியுமுன் பஸ் பிடிக்க வேண்டியவன் விடிய விடிய உட்கார முடியாது. ஆடுகிறவருக்கும் அதே சிக்கல்தான். கூத்தில் வருமானம் சீசனுக்கு மட்டும். கம்பெனியிலோ, ஒப்பந்த வேலையானாலும், மாதம் பிறந்தால் சம்பளம். பிள்ளை எதைத் தேர்ந்தெடுப்பான் என்று கேட்கவே வேண்டாம். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதற்கு நடுவே கூத்தை வேறு விதமாக நிறுத்திப் பார்த்தவர் பெருங்கட்டூர் பொ. ராஜகோபால். தந்தை பொன்னுசாமியிடம் கற்று, சிறுவயதிலேயே பள்ளியை விட்டு ஆட வந்தவர். 1990-ல் அவரும் மற்ற கலைஞர்களும் சேர்ந்து கட்டைக்கூத்துச் சங்கம் அமைத்தார்கள். நெதர்லாந்திலிருந்து ஆய்வுக்கு வந்து அவரை மணந்த ஹன்னே டி புருய்னும் அதற்குத் தோள் கொடுத்தார். 2002-ல் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் குருகுலம் திறந்தார்கள். கூத்துக்காகப் படிப்பை விட்ட தன் நிலை அடுத்த தலைமுறைக்கு வரக்கூடாது என்பதால், பாடமும் கூத்தும் ஒரே கூரையின் கீழ்.

அங்கே நடந்த பெரிய மாற்றம் பெண் பிள்ளைகள். திரௌபதி வேஷத்தைக்கூட ஆண்தான் கட்டிவந்த களத்தில், பெண்கள் கட்டை வேஷம் கட்டினார்கள். கிராமத்துப் பெரியவர்கள் முகம் சுளிக்காமல் இருந்திருப்பார்களா என்ன! குருகுலம் 2020-ல் மூடப்பட்டது. சங்கத்தின் கூத்து நிற்கவில்லை. சபா மேடைக்கெனச் சில மணி நேரத்துக்குச் சுருக்கிய கூத்துகளும் போடுகிறார்கள். சுருக்கும்போது முதலில் அடிபடுபவன் கட்டியங்காரன். ஊருக்கு ஊர், இரவுக்கு இரவு மாறும் அவன் பேச்சுக்கு அளந்த நேரம் ஒத்துவராது. எனக்கு இந்த இழப்புதான் பெரிது.

பாரத விழாவின் முடிவில் வரும் படுகளம் மட்டும் தப்பிக்கும் என்று நினைக்கிறேன். தரையில் மண்ணால் பெரிதாகக் கிடத்திய துரியோதனன் மேல் பீமன் ஏறி நிற்பதும், திரௌபதி கூந்தல் முடிவதும் பகல் வெளிச்சத்தில் நடப்பவை. இரவு ஷிஃப்ட் முடித்து இறங்குபவனும் வீட்டுக்குப் போகுமுன் ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகலாம்.